திரியின் நீளம்

வானொலி நிலையத்திலிருந்து வந்த கடிதத்தை மதினி இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறையும் படிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். படிக்கவில்லை. உறைக்குள் திரும்பப் போட்டாள். அடுப்படி மூலையில் இருந்த புளிப் பானையைத் திறந்து, புளியை ஒரு பக்கமாக ஒதுக்கி, அடியில் கடிதத்தை வைத்து, மறுபடியும் புளியை அமுக்கி மூடினாள். பிறகு விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த வருசப் புளி நல்ல புளி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வாசல் நடையில் உட்கார்ந்து கல்யாணச் சேலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. என் கல்யாணத்துக்கு அப்போது பதினெட்டு நாள் இருந்தது. வீடு முழுக்கப் பித்தளைப் பாத்திரங்கள் பளபளத்துக் கிடந்தன. அண்ணன் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அடுக்கியிருந்தான். அத்தனை சந்தோஷத்துக்கு நடுவில், எதையும் ஒளித்து வைக்கத் தெரியாத மதினி ஒரு கடிதத்தைப் புளிக்குள் புதைத்தது எனக்கு ஊசி குத்தியது போல இருந்தது.

மதினி என்றால் என் அண்ணன் அய்யாதுரையின் மனைவி பொன்னுத்தங்கம். விருதுநகரிலோ சாத்தூரிலோ சிவகாசியிலோ, நாடகம் பார்க்கிற பழக்கம் உள்ள யாரிடமாவது அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அதற்குப் பிறகுதான், "அந்தம்மாவுக்கு நீ என்ன வேணும்?" என்று கேட்பார்கள். மேடைகளில் ஆண்கள்தான் கோமாளி வேஷம் கட்டுவார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் நின்ற இடத்தில் நின்று இரண்டாயிரம் பேரைச் சிரிக்க வைக்க முடியும் என்று காட்டியவள் அவள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கொட்டகையில் சரவெடி பின்னிய பெண் மதினி. பத்து வயதிலிருந்து அந்த வேலை. கொட்டகைக்குள் யாரும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது என்பது அங்கிருந்த கணக்கப்பிள்ளையின் சட்டம். பேசினால் கவனம் போகும், கவனம் போனால் கை போகும் என்பார். சட்டம் சரியானதுதான். ஆனால் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற நாற்பது பெண்களுக்கு மூச்சு விட ஒரு வழி வேண்டாமா? மத்தியானம் கஞ்சி குடிக்க மரத்தடிக்கு வரும்போது, மதினி வாயைத் திறக்காமல், கணக்கப்பிள்ளை நடக்கிற நடையை நடந்து காட்டுவாளாம். அவருக்கு ஒரு கால் செருப்பு எப்போதும் கழன்றுகொள்ளும். அதைப் பெருவிரலால் தேடிக்கொண்டே அதட்டுவார். இல்லாத செருப்பை இவள் பெருவிரலால் தேடுகிற அழகைப் பார்த்து ஒருத்திக்குக் கஞ்சி மூக்கில் ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கணக்கப்பிள்ளை நிற்கிறார். அன்றைக்கே வேலை போயிற்று.

அதே வாரம் இருக்கன்குடியில் ஆடித் திருவிழா. நாடகத்துக்கு வரவேண்டிய கோமாளி வேஷக்காரர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. "ஏலே, நம்ம பொன்னுத்தங்கத்த ஏத்துங்கலே" என்று கொட்டகைப் பெண்கள் கீழே இருந்து கத்தி, அவளைத் தள்ளிக்கொண்டு போய் மேடையில் விட்டார்கள். பதினேழு வயது. வசனம் ஒன்றும் தெரியாது. நடுமேடையில் நின்று, கணக்கப்பிள்ளையின் செருப்பைத் தேடினாள். ஆற்று மணலில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குக் கணக்கப்பிள்ளை யாரென்றே தெரியாது. ஆனாலும் ஆளாளுக்குத் தங்கள் ஊரில் அப்படி ஒருவரைத் தெரிந்திருந்தது. அம்மன் கோயில் மணிச் சத்தம் கேட்காத அளவுக்குச் சிரித்தார்களாம்.

"எப்படி மதினி, எந்த இடத்துல சிரிப்பாகன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"திரி வைக்கிற கணக்குத்தான். திரி குட்டையா இருந்தா வச்சவன் கையச் சுட்டுரும். ரொம்ப நீளமா இருந்தா, பாக்க நின்னவன் சலிச்சுப்போயித் திரும்பிருவான். அவன் திரும்பவும் கூடாது, நம்ம கையும் சுடக் கூடாது. அந்த அளவுக்குச் சும்மா நிக்கணும். சும்மா நிக்கிறதுதான் தொளிலு. பேசுறது எல்லாருந்தான் பேசுதாக."

எட்டு வருடம் ஊர் ஊராக நாடகம். அப்போதுதான் அண்ணனைச் சந்தித்தாள். அண்ணன் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன். தீப்பெட்டி லேபிளோடு நாடக நோட்டீசும் அங்கே அடிப்பார்கள். ஒருநாள் மதினி நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அச்சாபீசுக்கு வந்து நின்றாள்.

"இத யாரு அடிச்சது?"

"நாந்தான்" என்றான் அண்ணன்.

"ராஜபார்ட்டு பேரு வாளைத்தாரு கணக்கா இருக்கு. ஸ்திரீபார்ட்டு பேரு தேங்கா கணக்கா இருக்கு. எம் பேரு மட்டும் ஏன் கடுகு கணக்கா இருக்கு? கண்ணாடி போட்டுட்டு வந்து படிக்கணும்னா நான் கண்ணாஸ்பத்திரியிலயா நாடகம் போடுதேன்?"

அண்ணன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அம்மாவும் ஐயாவும் ஒரே வருடத்தில் போன பிறகு, ஏழு வயதுத் தங்கையான என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்தவன். அன்றைக்கு ஈய எழுத்துகளைக் கீழே கொட்டிவிட்டுச் சிரித்தானாம். அடுத்த நோட்டீசில் பொன்னுத்தங்கம் என்ற பெயர் ராஜபார்ட்டின் பெயரைவிட ஒரு நூல் பெரிதாக வந்தது. நாடகக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி வைதார். அந்தத் தைக்கே கல்யாணம் நடந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாள், மூலையில் ஒண்டி நின்ற என்னைப் பார்த்து மதினி வணக்கம் சொல்லவில்லை, கொஞ்சவில்லை. நான் நிற்பது போலவே எதிர் மூலையில் போய், நகத்தைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை மறு காலால் சொறிந்துகொண்டு நின்றாள். நான் காலை இறக்கினேன், அவளும் இறக்கினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் சிரித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் அண்ணன் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. சினிமாக் கொட்டகைக்காரர்கள் புதுப்படம் மாற்றும்போது குதிரைவண்டியில் குழாய் கட்டி ஊருக்குள் விளம்பரம் செய்வார்கள் அல்லவா, அதில் மதினி மைக் பிடித்தாள். படத்தைப் பற்றி இரண்டு வார்த்தைதான் சொல்லுவாள். மீதி நேரம் தெருவைப் பற்றிப் பேசிக்கொண்டு போவாள். "தெப்பக்குளத்துல துணி துவைக்கிற அக்கா, துணி போதும், கல்லு தேயுது!" என்று குழாய் கத்தும். வண்டிக்குப் பின்னால் தெருவே போகும். பிறகு பிளாக் ஆபீஸ் வேனில் கிராமம் கிராமமாகப் போனாள். அம்மை குத்த வருகிறவர்களைக் கண்டு வைக்கோல் படப்புக்குள் ஒளிகிற கிழவனாக ஒரு நாடகம். ஏழாயிரம்பண்ணையில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நிஜக் கிழவர், நாடகம் முடிந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். "அவன மாதிரி நான் இல்லேன்னு நாலு பேருக்குத் தெரியணும்லா" என்றார்.

நெல்லையில் வானொலி நிலையம் வந்த புதிதில், குரல் தேர்வுக்கு மதினியைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன். ரயிலில் ஏறியதிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. எதிரே கோவில்பட்டிச் சந்தைக்குப் போகிற மூன்று பெண்கள் பேசியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். நிலையத்தில் துணி ஒட்டிய சுவர்களும் நடுவில் ஒரு மைக்கும் இருந்த அறைக்குள் அவளை நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி. சிவப்பு விளக்கு எரிந்ததும் மதினி ஆரம்பித்தாள். இரண்டாயிரம் பேரைக் கட்டி வைத்த குரல், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற குரல் போல இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஐயா, நீங்க சிரிக்கக் கூடாதா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"இங்கே சத்தம் கூடாதும்மா. மைக் எல்லாவற்றையும் எடுத்துவிடும்."

மதினி கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் இந்தப் புள்ளைய உள்ள விடுங்க. சத்தம் வராம சிரிப்பா" என்றாள். என்னை அவளுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். என் முந்தானையைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்து, "வாய்ல வச்சுக்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. ரயிலில் வந்த மூன்று பெண்களும் அந்த அறைக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில் குப்பச்சி என்று ஒருத்தி, யார் என்ன சொன்னாலும் தன் அடுப்படியைப் பற்றியே பேசுகிறவள், மதினியின் தொண்டையிலிருந்து அன்றைக்குத்தான் பிறந்தாள். முந்தானை வாய்க்குள் கால் முழம் போய்விட்டது. கண்ணீர் வழிய, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தேன். என் முகத்தைப் பார்த்துத்தான் அவள் திரியின் நீளத்தை அளந்தாள். வெளியே வந்ததும் அதிகாரி என்னிடம், "அடுத்த முறையும் நீங்களே வாருங்கள்" என்றார்.

மூன்று முறை குப்பச்சி பேசினாள். பஞ்சாயத்து ரேடியோ இருந்த இடங்களில் எல்லாம் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். அந்த நேரத்தில்தான் எனக்குச் சாத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை சங்கரபாண்டியன் பள்ளிக்கூட வாத்தியார். குடும்பம் மிளகாய் வத்தல் வியாபாரம். அவருடைய அம்மா செல்லக்கனி, என் வருங்கால மாமியார், பெண் பார்க்க வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வத்தல் வாங்குகிறவர்கள் காயைக் காதருகே வைத்துக் குலுக்கி விதைச் சத்தம் கேட்பார்கள். முப்பது வருடம் அப்படிக் கேட்டுக் கேட்டு, அவருக்கு எதையும் காதால்தான் நம்ப முடியும். சீருக்கு வைத்திருந்த குடத்தைச் சுண்டிக் காதைக் கொடுத்தார். அண்டாவைச் சுண்டினார். போகிற போக்கில் தூணையும் கதவையும் சுண்டினார். கடைசியில் என் கையைப் பிடித்து வளையல் குலுங்க இரண்டு ஆட்டு ஆட்டி, காதைச் சாய்த்தார். எனக்குள்ளும் விதை இருந்தது போலும். "சரி" என்றார்.

பிறகு மதினியைக் கிணற்றடிக்குத் தனியே கூட்டிப் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்பது, புளிப் பானையில் கையை விட்ட அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"புளி எடுக்கச் சொன்னா கடுதாசி எடுத்துட்டு வாரே" என்றாள் மதினி.

"பதிமூணு வாரம்னு போட்டிருக்கு மதினி. வாராவாரம் வியாளக்கிளம. குப்பச்சிக்குன்னே தனியா நிகழ்ச்சி. கையெளுத்துப் போட்டு அனுப்பச் சொல்லிருக்காக. ஏன் அனுப்பல?"

"எம் பேரு எம்புட்டுப் பெருசா இருக்குன்னு பாத்தியா? ஒங்கண்ணன்ட்ட காட்டணும்."

"வெளையாடாதீக. கிணத்தடியில அவுக என்ன சொன்னாக?"

மதினி அம்மியை நிறுத்தினாள். "'நாலு ஊரு சிரிக்கிற பொம்பள இருக்க வீட்டுல பொண்ணெடுக்கோம். நாளைக்கு எங்க வீட்டு அடுப்படிய நீ ரேடியோவுல வச்சேன்னா நாங்க மொகத்த எங்கன கொண்டு போயி வைக்க?'ன்னாக. கேட்டதுல தப்பில்ல. நான் அடுப்படி அடுப்படியாப் பொறுக்கித்தான பேசுதேன்."

"நீங்க?"

"இனிமே சபையில வாயத் தெறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். தண்ணியத் தொட்டுச் சொல்லிட்டேன்."

"எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்."

மதினி சிரித்துவிட்டாள். "பொய் சொல்றதுக்கு வேற மூஞ்சி வேணும் சொர்ணம். அவரு குடிச்சு வச்ச காப்பி தம்ளர நீ எம்புட்டு நேரம் கையில வச்சுட்டு நின்னேன்னு நான் எண்ணிட்டுல்லா இருந்தேன்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "ஒன் கல்யாணத்த நிறுத்திட்டு நான் யாரச் சிரிக்க வைக்க? அந்தச் சிரிப்பு தொண்டையில நிக்கும். போ, புளி எடுத்துட்டு வா."

நான் போய்ப் புளி எடுத்து வந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அழுதேன், உண்மைதான். ஆனால் அழுகைக்கு அடியில், கல்யாணம் நின்றுபோகவில்லை என்ற நிம்மதி இருந்தது. கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பதில் அனுப்பக் கல்யாணம் முடிந்து ஒரு வாரம் வரை தவணை இருந்தது.

தாலி கட்டிய அன்று சாயங்காலம் நலங்கு. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கத்துப் பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் பாயில் நானும் அவரும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நலங்கு தொடங்குவதற்கு முன்னால் பெண்ணின் மதினி எழுந்து மாப்பிள்ளை வீட்டாரை ஏச வேண்டும். பாட்டாக ஏசலாம், பேச்சாக ஏசலாம். ஏசாமல் மஞ்சளைத் தொட மாட்டார்கள். கேட்டு முடித்ததும், ஏச்சு வாங்கியவர் எழுந்து ஏசியவளின் கன்னத்தில் சந்தனம் பூசுவார். வாங்கிக்கொண்டோம், மனதில் வைக்கவில்லை என்று அர்த்தம்.

மதினி தூணோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அவளைக் கிள்ளினார்கள். அவள் நிமிரவில்லை. மாமியார் என் எதிரே உட்கார்ந்து, சந்தனக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சங்கடம்தான். தான் வாங்கிய வாக்கு, தன் மகன் நலங்கையே நிறுத்தி வைக்கும் என்று அவர் கிணற்றடியில் நினைத்திருக்க மாட்டார்.

மாப்பிள்ளைக்கு அத்தை பாலம்மாள் என்று ஒருவர். ஆள் குட்டை, குரல் நெட்டை. "என்ன, நேரமாகுது! பொண்ணுக்கு மதினி ஊமையோ? ஊரெல்லாம் சிரிக்க வச்ச பொம்பளன்னு சொன்னாக. நம்ம மூஞ்சியப் பாத்ததும் பயந்துட்டாளோ?"

எங்கள் பக்கத்தில் யாரோ, "அவளுக்குத் தொண்ட சரியில்ல" என்று சமாளித்தார்கள்.

"தொண்ட சரியில்லைன்னா எந்திரிச்சாவது நிக்கட்டும். வளக்கத்த விட முடியுமா?"

மதினி எழுந்து நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். உதடுகள் ஒட்டியிருந்தன. அப்போது அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். துணி ஒட்டிய சுவர்களுக்கு நடுவில், சிரிக்க ஒரு முகம்கூட இல்லாமல் நின்ற அதே முகம். என் கழுத்தில் தாலி ஏறி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. எதிரே மாமியார். பக்கத்தில் புருஷன். நான் பட்டுச் சேலையின் முந்தானையை எடுத்து, மெல்லச் சுருட்டி, என் வாயில் வைத்துக்கொண்டேன்.

மதினியின் கண்ணில் ஏதோ பற்றிக்கொண்டது.

வாயைத் திறக்கவே இல்லை. முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தினாள், இடுப்பில் சாவிக்கொத்து செருகியிருப்பது போல ஒரு பக்கம் சாய்ந்தாள், அவ்வளவில் ஒரு வியாபாரி வீட்டு அம்மாள் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். இல்லாத குடத்தைச் சுண்டினாள். காதைச் சாய்த்தாள். அண்டாவைச் சுண்டினாள். திருப்தி. தூணைச் சுண்டினாள். தூண் ஏதோ சொன்னது போல முகம் சுளித்து மறுபடியும் சுண்டினாள். சிரிப்பு இரண்டு பக்கமும் பரவியது. பாலம்மாள் அத்தை தொடையைத் தட்டினார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது என் மாமியார்தான். "அச்சு அசலா நம்ம கமிசன் கடை அம்மாக்கமாரு மாதிரியே இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மதினி என் பக்கத்தில் வந்தாள். குனிந்து, மாப்பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் ஒரு வத்தலைப் போலப் பூவாக எடுத்து, காதருகே வைத்துக் குலுக்கினாள். கேட்டாள். முகம் யோசித்தது. இன்னொரு தரம் குலுக்கினாள். பிறகு மெதுவாக, மிக மரியாதையாக, அந்தத் தலையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

கூடம் வெடித்தது. சங்கரபாண்டியனே சிரித்துவிட்டார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யாரப் போலம்மா இது?" என்றார்.

"ஏ செல்லக்கனி, ஒன்னயத்தான்டி!" என்றார் பாலம்மாள் அத்தை.

சிரிப்பு வடிந்தது. மாமியாரின் கை முந்தானையோடு அந்தரத்தில் நின்றது. அவர் தன் விரல்களைப் பார்த்தார். குடத்தைச் சுண்டுகிற அந்த நடுவிரலை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் பயந்தது எதற்கோ, அது நடந்துவிட்டது. அவர் வீட்டை, அவரை, எல்லோருக்கும் முன்னால் வைத்தாகிவிட்டது. என் வாயில் முந்தானை உலர்ந்துபோயிருந்தது.

"சரி" என்றார் மாமியார். "எம் மவன் தலையக் குலுக்குனியே. என்ன சத்தம் கேட்டுச்சு? அதச் சொல்லு."

மதினி தன் ஒட்டிய உதடுகளை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"நாந்தான் கேக்கேன். வாயத் தெறந்து சொல்லு தாயி."

மதினி அவரைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. திரி ஓடுவது எனக்குத் தெரிந்தது. யாரும் திரும்பிப் போய்விடாத, கையைச் சுடாத அந்த அளவுக்கு நின்றுவிட்டு, சொன்னாள்:

"ஒங்க சத்தந்தான் பெரியம்மா கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல."

அந்தச் சிரிப்பில் வெளியே இருந்த ஆண்கள் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பற்றி அதைவிடப் பெரிய உண்மையை எந்தத் தாயிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாமியாரின் முகம் சிவந்தது, சுருங்கியது, பிறகு அடக்க முடியாமல் உடைந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "இத ஊருக்கெல்லாம் சொல்லீராத" என்றார்.

"ஊருக்குச் சொல்றதுதான் பெரியம்மா என் தொளிலு" என்றாள் மதினி, அதே சிரித்த முகத்தோடு. "நீங்க வேண்டாம்னீக. விட்டுட்டேன்."

மாமியார் எழுந்தார். கிண்ணத்தில் இருந்த சந்தனத்தை ஒரு கை நிறைய அள்ளி, மதினியின் இரண்டு கன்னத்திலும் அழுத்திப் பூசினார். வழக்கத்துக்குப் பூசுகிற மாதிரி இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி, கழுத்து வரை பூசினார். அது கோபமா பிரியமா என்று அன்றைக்கு என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நான் சாத்தூருக்குப் புறப்படும் முன்னால் புளிப் பானையில் கையை விட்டுப் பார்த்தேன். கடிதம் இல்லை.

"எங்க மதினி?"

"நேத்து ரசத்துல போட்டுட்டேன். ஒங்க மாமியாருக்கு ரெண்டு கரண்டி கூடவே ஊத்துனேன். புளிப்பா இருக்குன்னு சொன்னாகளே, கேக்கலியா?" என்றாள். என் தலையில் சரியாகவே இருந்த பூவை எடுத்து மறுபடியும் வைத்தாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சாத்தூர் வீட்டுக் கூடத்தில், பூப்பின்னல் துணி போர்த்திய ரேடியோ ஒன்று இருந்தது. மாமனார் செய்தி கேட்க மட்டும் அதைத் தொடுவார். மாமியார் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நலங்கைப் பற்றியோ மதினியைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளி சீசன் என்பதால் அண்ணனுக்கு அச்சாபீசில் ஓய்வில்லை. அங்கிருந்து கடிதமும் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குடத்தைச் சுண்டப் போகிற விரல் சில சமயம் பாதியில் நின்றுவிடும். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு மெல்ல ஒரு சுண்டு சுண்டுவார்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் பெய்த மழையில் முற்றத்தில் காய்ந்த வத்தலையெல்லாம் அள்ளிக் கூடத்தில் பரப்பியிருந்தோம். வீடே நெடியாக இருந்தது. சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு வந்தபோது, மாமியார் பூப்பின்னல் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"மளைக்காலத்துல வாரத்துக்கு ஒருக்காவாவது இதப் போட்டு வைக்கணும்" என்றார், என்னைப் பார்க்காமல். "இல்லைன்னா உள்ள ஈரம் ஏறிரும்னு ஒங்க மாமா சொல்லிருக்காக."

"சரி அத்தே."

திருகினார். உள்ளே விளக்கு மங்கலாக மஞ்சளாயிற்று. சத்தம் வரவில்லை. மாமியார் நடுவிரலை மடக்கி ரேடியோவின் தலையில் ஒரு சுண்டு சுண்டினார். காதைச் சாய்த்தார். பிறகு, வேலை முடிந்துவிட்டது போல, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வத்தலில் காம்பு கிள்ளத் தொடங்கினார். நானும் எதிரே உட்கார்ந்தேன். ரேடியோவின் பச்சைக் கண்ணில் வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறியது. எங்கேயோ தூரத்திலிருந்து வருவது போல ஓர் ஆண் குரல் குப்பச்சியின் பெயரைச் சொல்லி முடித்தது.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ரேடியோ கெட்டுவிட்டது என்று வேறு யாரும் நினைத்திருப்பார்கள். ஒன்று என்று எண்ணினேன். மாமியாரின் கையில் ஒரு வத்தல் காம்போடு நின்றது. இரண்டு. அவர் திரும்பவில்லை. மெல்ல, எனக்குத் தெரியாது என்ற நினைப்பில், தன் முந்தானை நுனியை எடுத்துச் சுருட்டி வாயருகே கொண்டுபோனார்.